இமையோரத்து மஞ்சள் தடிப்பு

கண்ணிமைகளில், பெரும்பாலும் மூக்கையொட்டிய உள்மூலையில், வெளிர்மஞ்சள் நிறத்தில் தட்டையான சிறு தடிப்புகள் சிலருக்குத் தோன்றுவதை நாம் கண்டிருக்கிறோம். அவை நோவதில்லை, அரிப்பதுமில்லை. ஆகவே மருவென்றோ, வயதின் அடையாளமென்றோ எண்ணி வாளாவிருந்துவிடுகிறோம். மருத்துவர் இதனைச் 'சாந்தெலாஸ்மா' என்பர். 'மஞ்சள்', 'தட்டிய தகடு' எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. பெயரிட்டவர் கூர்ந்து நோக்கியே பெயரிட்டிருக்கிறார்!

இரத்தத்திலுள்ள கொலஸ்டிரால் என்னும் கொழுப்பைத் தோலிலுள்ள சில உயிரணுக்கள் விழுங்கித் தம்முள் தேக்கிக்கொள்வதே இத்தடிப்பாகும். ஆயினும் இத்தடிப்பு உடையோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இரத்தக் கொழுப்பு அளவோடுதான் இருக்கிறது. அங்ஙனமாயின் அஞ்ச வேண்டுவதில்லையோ?

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் 1976 முதல் 1978 வரை 12,745 பேரைச் சோதித்து, 2009 வரை அவர்தம் நலத்தைத் தொடர்ந்து கவனித்தனர். தொடக்கத்தில் நூற்றுக்கு 4.4 பேருக்கு இத்தடிப்பு இருந்தது. மற்றவரைவிட இவர்களுக்கு மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காக இருந்ததென 2011-இல் வெளியான ஆய்வுரை கூறுகிறது. கொழுப்பின் அளவு, புகைபிடித்தல், இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும் இவ்வேறுபாடு நீங்கவில்லை என்பதே நாம் கருத்திற்கொள்ள வேண்டியது. கருவிழியைச் சுற்றித் தோன்றும் வெண்வளையத்துக்கோ இத்தகைய தனித்தொடர்பு காணப்படவில்லை.

இதனால் தடிப்புக் கண்டவரெல்லாம் கலங்க வேண்டுமென்பதில்லை. லியொனார்தோ தா வின்சி தீட்டிய மோனா லிசா ஓவியத்தில், இடக்கண்ணின் உள்மூலையில் ஒரு மஞ்சள் புள்ளி உண்டு. அது இத்தடிப்பாகலாமென மருத்துவர் சிலர் கருதுகின்றனர். அப்பெண்மணி அறுபதைக் கடந்து வாழ்ந்தவரே!

ஆனால் நாற்பது வயதுக்குள் இது தோன்றினாலோ, தந்தை, தாய், உடன்பிறந்தார் எவர்க்கேனும் இளவயதில் மாரடைப்பு வந்திருந்தாலோ தாமதித்தலாகாது. கெட்ட கொழுப்பைக் கல்லீரல் போதிய அளவு அகற்ற இயலாத பரம்பரைக் குறை ஒன்றுண்டு. அதன் மூலகாரணத்தைக் கண்டறிந்த பிரௌன், கோல்ட்ஸ்டைன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1985-இல் நோபல் பரிசு பெற்றனர். பெற்றோருள் ஒருவருக்கு இக்குறை இருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குச் சரிபாதி வாய்ப்புண்டு. எனவே தந்தையின் இமையில் தெரியும் தடிப்பு மகனின் இரத்தத்தையும் சோதிக்கச் சொல்வதாயிருக்கலாம். கொழுப்புடன் சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றையும் பார்த்துவிடுதல் நன்று.

தடிப்பை அறுவையாலோ லேசர் கதிராலோ நீக்கலாம். மீண்டும் தோன்றுதலும் உண்டு. மருவுக்குப் பூசுவதுபோல் சுண்ணாம்பையோ காரக் களிம்பையோ இதன்மேல் பூசுதல் பெருந்தீங்கு; இமைக்குக் கீழே இருப்பது கண்!