பரண் மேல் பழைய கம்ப்யூட்டர் பெட்டி: செம்புக்காக உடைத்தால் சோற்றில் ஈயம்!

வீட்டுப் பரண் மேல் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். ஓடாத மின்விசிறி இருக்கும். கால் ஒடிந்த நாற்காலி இருக்கும். பக்கத்திலேயே, பின்பக்கம் கூம்பு மாதிரி நீண்ட பெட்டி ஒன்றும் தூசி படிந்து கிடக்கும்.

அதுதான் பழைய கம்ப்யூட்டர் மானிட்டர்!

2000-ம் ஆண்டு வாக்கில், பிள்ளை படிக்கட்டும் என்று தவணையில் வாங்கியது. தட்டைத் திரை வந்ததும் அது மூலைக்குப் போனது. மூலையில் இருந்து பரணுக்குப் போனது. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. போகிக்கு வீடு ஒழிக்கும்போதுதான் அதன் ஞாபகம் வரும்.

அந்த நேரம் பார்த்து தெருவில் குரல் கேட்கும்.

"பழைய இரும்பு, பிளாஸ்டிக், டி.வி., கம்ப்யூட்டரே...ய்!"

"அண்ணே, இதை எடுப்பீங்களா?"

"எடுப்போம்மா. ஓடுதா?"

"ஓடலை. ரொம்ப நாளாச்சு."

"ஓடாட்டி என்னம்மா, உள்ளே இருக்கிற செம்புக்குத்தானே எடுக்கிறது."

நாலு வார்த்தை பேரம். கையில் கொஞ்சம் ரூபாய். பெட்டி தள்ளுவண்டியில் ஏறிவிடும். வீட்டுக்காரர்களுக்கு இடம் மிச்சம். வந்தவருக்கும் சந்தோஷம்.

அந்தப் பெட்டியின் கதை அதோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. ஆபத்தான கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சுத்தியல் அடி

தள்ளுவண்டி காயலான் கடைக்குப் போகிறது. பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுகிறார்கள். உள்ளே பெரிய கண்ணாடிக் குழாய். அதன் கழுத்தில் செம்புக் கம்பிச் சுருள். குழாயின் விளிம்பைச் சுற்றி இரும்புப் பட்டை. அடியில் மின்பலகை.

அவசரக்காரர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? சுத்தியலால் கழுத்தில் ஓங்கி ஒரு அடி! கண்ணாடி நொறுங்குகிறது. செம்புச் சுருளை உருவி எடுத்துக் கொள்கிறார்கள். இரும்பு ஒரு மூட்டைக்குப் போகிறது. மின்பலகை இன்னொரு மூட்டைக்குப் போகிறது.

மிச்சம் கிடக்கும் கண்ணாடி? அதை விலைக்கு வாங்க ஆள் கிடையாது. சாக்கடை ஓரம், காலி மனை, குப்பைமேடு என்று எங்கேயாவது போய்ச் சேர்கிறது.

எல்லாக் கடைகளிலும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் இப்படி உடைக்கும் இடங்களில், கிடைக்கிற லாபம் சில நூறு கிராம் செம்பு. அங்கேயே தங்கிவிடும் விஷத்தின் எடையோ கிலோ கணக்கு!

கிலோ கணக்கில் ஈயம்

1897-ம் ஆண்டு ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி கார்ல் பெர்டினாண்ட் பிரான் கண்டுபிடித்த குழாய்தான் இதற்கெல்லாம் மூலம். பழைய டி.வி. பெட்டிகளிலும், பழைய மானிட்டர்களிலும் இருப்பது அந்தக் குழாயின் வழி வந்ததே.

குழாயின் பின்கழுத்தில் இருந்து எலக்ட்ரான்கள் பாய்ந்து வந்து முன் கண்ணாடியில் மோதும். அங்கே பூசியிருக்கும் பொடி ஒளிரும். படம் தெரியும்.

இந்தப் பாய்ச்சலுக்கு சுமார் 25 ஆயிரம் வோல்ட் மின்அழுத்தம் தேவை. அவ்வளவு வேகத்தில் மோதும்போது எக்ஸ்ரே கதிரும் கிளம்பும். அது வெளியே வந்து, முன்னால் உட்கார்ந்திருப்பவர்களைத் தாக்கக் கூடாது அல்லவா? அதற்காகத்தான் கண்ணாடியிலேயே ஈயத்தைக் கலந்தார்கள்.

கூம்புப் பகுதிக் கண்ணாடியின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு ஈய ஆக்சைடு. கழுத்துப் பகுதியில் அதைவிடவும் அதிகம். ஒரு பெட்டிக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ வரை ஈயம் இருக்கும். பெரிய பெட்டி என்றால் அதற்கும் மேல்.

உட்கார்ந்து பார்த்தவருக்குக் காவலாக இருந்த அதே ஈயம்தான், உடைக்கிறவருக்கு எமனாக வருகிறது!

பரணில் இருந்தால் ஆபத்தா?

"ஐயையோ, இத்தனை வருஷம் வீட்டிலேயே வைத்திருந்தோமே!" என்று பதற வேண்டாம். உடையாத பெட்டியால் ஆபத்து இல்லை. ஈயம் கண்ணாடிக்குள்ளேயே பூட்டிக் கிடக்கிறது. தானாக வெளியே வராது.

உடைத்தால்தான் வினை. நொறுங்கும்போது கிளம்பும் நுண்ணிய தூள் மூக்கில் ஏறும். கையில் ஒட்டும். சட்டையில் படியும். முன் கண்ணாடியின் உட்புறப் பூச்சில் துத்தநாகம் போன்ற உலோகங்கள் இருக்கின்றன. மிகப் பழைய குழாய்களில் காட்மியமும் உண்டு. கொட்டிக் கிடக்கும் சில்லுகள் மீது மழை பெய்தால், ஈயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மண்ணில் இறங்கும்.

இன்னொரு அபாயமும் உண்டு. குழாய்க்குள் காற்று கிடையாது. வெற்றிடம். தப்பான இடத்தில் அடி விழுந்தால் வெளிக்காற்றின் அழுத்தம் தாங்காமல் குழாய் உள்வாங்கி நொறுங்கி, சில்லுகள் நாலா பக்கமும் தெறிக்கும். கண் போனாலும் போகும்.

மின்சார இணைப்பைப் பிடுங்கிய பிறகும் குழாயில் உயர் அழுத்த மின்சாரம் தேங்கி நிற்கும். விவரம் தெரியாமல் கை வைத்தால் தூக்கிப் போடும். "யூடியூப் பார்த்து நானே பிரிச்சிடுவேன்" என்று கிளம்பும் வீட்டுப் பிள்ளைகளே, ஜாக்கிரதை!

கறுப்புப் புகை

செம்பு எடுக்க சிலர் சுலப வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒயர்களைக் குவித்துத் தீ வைப்பது. மேலே உள்ள பிளாஸ்டிக் உறை எரிந்து போகும். செம்பு மிஞ்சும்.

அந்த உறை பி.வி.சி. பிளாஸ்டிக். அதை வெட்டவெளியில் எரித்தால் டையாக்சின் என்ற கொடிய நச்சு கிளம்புகிறது. புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. பெட்டியின் மூடியைச் சும்மா பிளாஸ்டிக் என்று நினைக்கக் கூடாது. சீக்கிரம் தீப்பிடிக்காமல் இருக்க அதில் புரோமின் கலந்த ரசாயனங்கள் சேர்த்திருப்பார்கள். அதை எரித்தாலும் விஷப்புகைதான்.

வியாபாரக் கணக்கு பார்த்தாலும் இது நஷ்டமே. எரித்த செம்பு கறுத்துப் போகும். உறையைச் சீவி எடுத்த பளபளப்பான செம்புக்குக் கிடைக்கும் விலை இதற்குக் கிடைக்காது.

அப்பா சட்டையில் வரும் விஷம்

உடைக்கிறவர் சாயந்திரம் வீட்டுக்குப் போகிறார். வேலை செய்த சட்டையோடு பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிறார். கையைச் சரியாகக் கழுவாமல் சோற்றில் கை வைக்கிறார். கடைக்குப் பின்னாலேயே குடியிருப்பவர் என்றால் கேட்கவே வேண்டாம். தவழுகிற குழந்தை தரையைத் தடவிய விரலை வாயில் வைக்கும்.

ஈயத்தில் 'இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை' என்ற பாதுகாப்பான அளவு எதுவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாய் வழியாகப் போகும் ஈயத்தைச் சிறு குழந்தைகளின் உடம்பு, பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாக இழுத்துக் கொள்ளும் என்றும் அது எச்சரிக்கிறது.

உடனே காய்ச்சல் வராது. வாந்தி வராது. அதுதான் இதில் உள்ள சூழ்ச்சி. ஈயம் எலும்பிலும் பல்லிலும் போய் உட்கார்ந்து கொள்ளும். குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். படிப்பில் பின்தங்கும் பிள்ளையை "மக்கு" என்று திட்டுவார்கள். காரணம் அப்பாவின் சட்டையில் வந்த தூள் என்று யாருக்குத் தோன்றும்? கர்ப்பிணியின் எலும்பில் தங்கியிருக்கும் ஈயம் இரத்தத்தில் இறங்கி வயிற்றுப் பிள்ளையையும் தாக்கும்.

ஒன்றரைக் கோடி டி.வி.

"மானிட்டர் எத்தனை பேர் வீட்டில் இருக்கப் போகிறது?" என்று கேட்கலாம். மானிட்டரை விடுங்கள். டி.வி.யை நினைத்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் 2006-ம் ஆண்டு செப்டம்பரில் இலவச கலர் டி.வி. திட்டம் தொடங்கியது. 2011-ம் ஆண்டு வரை சுமார் ஒன்றரைக் கோடி குடும்பங்களுக்கு 14 அங்குல கலர் டி.வி. போய்ச் சேர்ந்தது. அத்தனையும் இதே கண்ணாடிக் குழாய் வகைதான். குடிசை வீட்டுக்கும் சினிமா, செய்தி கொண்டு போன பெட்டிகள் அவை. பல பெட்டிகள் ஓய்ந்துவிட்டன. மற்றவையும் ஒவ்வொன்றாக வெளியே வரும். வருகிற ஒவ்வொன்றும் சுத்தியல் அடிக்குப் போனால் என்ன கதி?

உலக அளவில் 2022-ம் ஆண்டில் மட்டும் சேர்ந்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன்! இதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம் மட்டுமே. ஐ.நா. அமைப்புகள் 2024-ல் வெளியிட்ட அறிக்கையில் உள்ள கணக்கு இது.

சட்டம் என்ன சொல்கிறது?

மின்னணுக் கழிவுக்கென்று மத்திய அரசு 2011-ம் ஆண்டு தனி விதிகள் கொண்டு வந்தது. 2012 மே 1-ந்தேதி அமலுக்கு வந்த அந்த விதிகள் 2016-ல் மாற்றப்பட்டன. அதன் பிறகு 2022-ம் ஆண்டு விதிகள் வந்தன. 2023 ஏப்ரல் 1-ந்தேதி முதல் இவை நடைமுறைக்கு வந்தன.

இதன்படி மறுசுழற்சி செய்கிறவர்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பொருளை விற்ற கம்பெனிகளுக்கும் பொறுப்பு உண்டு. 'விற்றோம், முடிந்தது' என்று கையைக் கழுவ முடியாது.

ஆபீஸ் ஸ்டோர் பிரிவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. ஒரு நிதி ஆண்டில் ஆயிரம் மின்னணு சாதனங்களுக்குக் குறையாமல் வைத்திருந்த நிறுவனம் 'மொத்தப் பயன்பாட்டாளர்' ஆகிறது. கண்டம் செய்த பழைய பெட்டிகளை அவர்கள் பதிவு பெற்றவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும். அதிக விலை கேட்டவர் என்று யாருக்கோ ஏலம் விடுவது சரியல்ல.

முறையான வழி

முறையான தொழிற்கூடத்தில் முதலில் குழாயில் சிறு துளை போட்டுக் காற்றை மெதுவாக உள்ளே விடுவார்கள். வெடிக்கும் பயம் போயிற்று. பிறகு ஈயம் அதிகமுள்ள கூம்பையும் முன் கண்ணாடியையும் தனித்தனியாக அறுத்துப் பிரிப்பார்கள். உட்புறப் பொடியை வடிகட்டி வைத்த இயந்திரத்தால் உறிஞ்சி எடுப்பார்கள். செம்பு, இரும்பு, அலுமினியம் எல்லாம் தனித்தனியாகப் போகும்.

முன்பு பழைய கண்ணாடியை உருக்கிப் புதிய குழாயே செய்தார்கள். புதிய குழாய்க்குத் தேவை இல்லாமல் போனதால் அந்த வழி அடைந்து விட்டது. இப்போது ஈயக் கண்ணாடி ஈயம் உருக்கும் ஆலைகளுக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் அபாயக் கழிவுக்கென்று பாதுகாப்பாக அமைத்த இடத்தில் புதைக்க வேண்டும். இரண்டுக்கும் செலவு ஆகும். அதனால்தான் காயலான் கடைக்காரர் தரும் காசை முறையான இடத்தில் எதிர்பார்க்க முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியது

* பெட்டியை உடைக்காமல், திறக்காமல் முழுசாகக் கொடுங்கள்.

* போகி நெருப்பில் ஒயர், மூடி எதையும் போடாதீர்கள். குப்பைத் தொட்டியிலும் வேண்டாம்.

* பதிவு பெற்ற மறுசுழற்சிக் கூடங்களின் விவரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கிடைக்கும். தமிழ்நாடு வாரியத்தின் தலைமை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது.

* பெட்டி ஒன்றே ஒன்று என்றால் வண்டி வராது. தெருவில் நாலு வீடு, அடுக்குமாடியில் பத்து வீடு சேர்ந்து சொல்லுங்கள்.

* பழைய தட்டைத் திரை என்றாலும் அலட்சியம் வேண்டாம். எல்.இ.டி. வருவதற்கு முந்தைய தட்டைத் திரைகளுக்குள் பாதரசம் அடைத்த மெல்லிய விளக்குகள் இருக்கும்.

காயலான் கடை அண்ணன்களுக்கு

உங்கள் மேல் யாருக்கும் கோபம் இல்லை. ஊர் குப்பையைப் பிரித்துக் காசாக்கி, ஊரைச் சுத்தமாக வைத்திருப்பதே நீங்கள்தான். இந்த ஒரு கண்ணாடிக் குழாயை மட்டும் உடைக்காதீர்கள். முழுசாக நாலு சேர்ந்ததும் பதிவு பெற்ற கூடத்துக்குத் தள்ளி விடுங்கள். ஒயரை எரிக்காமல் உறையைச் சீவுங்கள். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வேலைச் சட்டையைக் கடையிலேயே மாற்றிவிட்டு வீட்டுக்குப் போங்கள். குழந்தைகளைக் கடைக்குள் விடாதீர்கள்.

பிரிக்கும் தொழிலாளர்களைப் பதிவு செய்து, பயிற்சி கொடுத்து, உடல்நலத்தைக் கவனிக்கும் பொறுப்பு மாநில அரசுகளுக்கு உண்டு என்று 2022-ம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

ஒரு காலத்தில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். பிள்ளைகள் ஓடி வந்து வாங்கித் தின்றார்கள். இன்று பழைய பெட்டிக்கு நமக்குக் கிடைப்பது சில நூறு ரூபாய். அந்தப் பெட்டிக்கு உள்ளே இருப்பதைத் தின்பது இன்னொரு வீட்டுப் பிள்ளை. அடுத்த தடவை தெருவில் குரல் கேட்கும்போது, அந்தப் பிள்ளையை ஒரு நிமிஷம் நினைத்துக் கொள்ளுங்கள்!