பூட்டும் முன்னுரிமையும்

கணிப்பொறியின் மையச் செயலகம் ஒன்று; அதனை வேண்டி நிற்கும் பணிகளோ பல. எப்பணி முதலில் நடைபெற வேண்டும் என்று முறை வகுப்பது இயக்க அமைப்பின் பொறுப்பாகும். ஒவ்வொரு பணிக்கும் ஒரு முன்னுரிமை உண்டு. உயர்ந்தது வந்தவுடன் தாழ்ந்தது பாதியிலேயே நிறுத்தப்படும். கேட்பதற்கு நேரிய ஏற்பாடாகவே தோன்றுகிறது. ஆயினும் இடையில் பூட்டு ஒன்று புகுந்துவிட்டால் இவ்வரிசை தலைகீழாகிவிடுகிறது.

பூட்டு என்றால் திண்டுக்கல்லாருக்கு விளக்கம் வேண்டியதில்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம்மூர்ப் பூட்டின் வேலையையே கணிப்பொறிக்குள் இருக்கும் பூட்டும் செய்கிறது. பொதுவான தரவு ஒன்றை ஒரு பணி கையாளும்போது பிறிதொன்று புகுந்து குழப்பாதிருக்க, அப்பணி உள்ளே சென்று பூட்டிக்கொள்ளும், முடிந்ததும் திறந்துவிடும். சாவி வைத்திருப்பவர் கடைநிலை ஊழியரே எனினும், வெளியே நிற்பவர் கல்லூரி முதல்வரே எனினும், முதல்வர் காத்திருக்கத்தான் வேண்டும்!

அக்காத்திருப்பு சிறிது நேரமாயின் கேடில்லை. அவ்வேளையில் பூட்டோடு எவ்விதத் தொடர்புமற்ற இடைநிலைப் பணியொன்று வந்து, கடைநிலைப் பணியை நிறுத்திவிட்டுத் தான் ஓடத் தொடங்கினால் என்னாகும்? சாவி வைத்திருப்பவருக்கு வேலை செய்ய வாய்ப்பில்லை, பூட்டு திறவாது. தலைமைப் பணி, தன்னினும் தாழ்ந்த இடைநிலைப் பணிக்காகக் காலவரையறையின்றிக் காத்துக் கிடக்கும்.

இது ஏட்டுச் சிக்கலன்று. 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் கலம், சில நாட்களில் தானே நின்று மீண்டும் தொடங்கலாயிற்று. ஒவ்வொரு முறையும் அன்றைய எஞ்சிய பணிகள் மறுநாளுக்குத் தள்ளிப்போயின. வானிலைத் தரவு திரட்டும் கடைநிலைப் பணி பூட்டைப் பிடித்திருந்தது. தகவல் தொடர்புப் பணி இடைமறித்தது. கலத்தினுள் தரவைப் பகிர்ந்தளிக்கும் தலைமைப் பணி குறித்த நேரத்தில் முடியவில்லை. அதனைக் கண்ட கண்காணிப்பு நிரல் கணிப்பொறியையே மறுதொடக்கம் செய்தது. புறப்படுமுன் நடந்த சோதனைகளிலும் இக்குறை ஓரிரு முறை தலைகாட்டியதுண்டு. காரணம் விளங்காமையால் விட்டுவிட்டனர்.

இதற்குரிய மருந்தோ முன்பே ஆயத்தமாயிருந்தது. லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி ஆகிய மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை அதனை விரித்துரைக்கிறது. இவர்களுள் ராஜ்குமார், 1984-இல் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியற் பட்டம் பெற்று, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முனைவரானவர். அவர்கள் கண்ட வழி எளியது: உயர்ந்த பணி பூட்டுக்காகக் காத்து நிற்கும்வரை, சாவி வைத்திருக்கும் தாழ்ந்த பணிக்கு அவ்வுயர்ந்த முன்னுரிமையையே அளித்துவிடுவது. அதன்பின் இடைநிலைப் பணி இடைமறிக்க இயலாது. பூட்டைத் திறந்தவுடன் பழைய நிலை திரும்பும். ஆங்கிலத்தில் இதனை மரபுரிமை எனப் பொருள்படும் சொல்லால் குறிப்பர். திருப்பித் தர வேண்டிய ஒன்றை மரபுரிமை என்பதினும் 'இரவல் முன்னுரிமை' என்பதே தமிழுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

பாத்ஃபைண்டரின் இயக்க அமைப்பாகிய வி.எக்ஸ்.ஒர்க்ஸில் இவ்வசதி இருந்தது. ஆனால் அந்தப் பூட்டுக்கு அது முடுக்கப்படவில்லை. கலிபோர்னியாவிலுள்ள பொறியாளர்கள், கலத்தைப் போன்றே தரையில் வைத்திருந்த அமைப்பில் குறையை மீண்டும் தோற்றுவித்துக் காரணத்தைக் கண்டனர். பின்னர் சிறு திருத்தமொன்றைச் செவ்வாய்க்கு அனுப்பி அவ்வசதியை முடுக்கினர், மறுதொடக்கங்கள் நின்றன. முப்பது நாட்களுக்கெனத் திட்டமிடப்பட்ட அக்கலம் 1997 செப்டம்பர் 27 வரை தரவு அனுப்பிக்கொண்டிருந்தது.