பம்மல் கல்வெட்டாங்குழி

சென்னைக்குத் தெற்கே, பல்லாவரத்தை அடுத்து மேற்கில் அமைந்த ஊர் பம்மல். இவ்வட்டாரத்துக் குன்றுகளில் நெடுங்காலம் கல்லுடைக்கும் தொழில் நடந்தது. அத்தொழில் ஓய்ந்த பின் கைவிடப்பட்ட கல்வெட்டாங்குழிகள் பல இன்றும் அங்குக் காணப்படுகின்றன.

மாணிக்கமோ மரகதமோ கிடைக்கும் என்றெண்ணி ஒருவர் அங்குச் செல்வாராயின், ஏமாற்றமே அடைவார். அவர் காலடியில் கிடப்பன பழுப்பேறிய கருங்கற்களே. ஆயினும், அவற்றுள் ஒன்றைச் சம்மட்டியால் உடைத்துப் பார்த்தல் வேண்டும். வெயிலும் மழையும் பட்டு மங்கிய மேற்புறம் நீங்கியதும், எண்ணெய் பூசினாற்போன்ற கரிய உட்புறம் வெளிப்படும். அதனிடையே நீலச் சாயல் கொண்ட பளிங்குக்கல் பரல்கள் மின்னும். பளிங்கினுள் பொதிந்த மிக நுண்ணிய ஊசி போன்ற துகள்கள் ஒளியைச் சிதறச் செய்தலால் அந்நீலம் தோன்றுகின்றது. அருகிலுள்ள வேறு சில பாறைகளில் செந்நிறக் கார்னெட் பரல்களும் உண்டு. நவமணிகளுள் ஒன்றாகிய கோமேதகமும் கார்னெட் இனத்ததே. எனினும், இங்குள்ள பொடிப்பரல்கள் பட்டை தீட்டி அணிதற்கு உதவா.

இக்கருங்கல்லின் பெயர் சார்னோக்கைட்டு. அப்பெயர் வந்த வரலாறு வியப்புக்குரியது. கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியிருப்புக்கு அடிகோலியவர் என்று கருதப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைமீது பதித்த கல், சென்னைப் பக்கத்திலிருந்து சென்றதாகும். அதனை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்னும் நிலவியல் அறிஞர், 1893-ஆம் ஆண்டில் அப்பாறை வகைக்குச் சார்னாக்கின் பெயரையே சூட்டினார். இன்று அண்டார்க்டிகாவில் இவ்வகைப் பாறையைக் காணும் அறிஞரும் இப்பெயராலேயே அதனை வழங்குவர்.

ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தினடியில் இருபது கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில், கடும் வெப்பத்தில் இப்பாறை உருவாயிற்று. நீர்ப்பசை மிகக் குறைந்த அச்சூழலில்தான் ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம் இதனுள் விளைந்தது. மேலிருந்த பாறைகள் காலப்போக்கில் தேய்ந்தொழிய, அடியில் கிடந்தது குன்றாக வெளிப்பட்டது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் பல்லாவரத்தில் குகைக்கோயில் குடைந்ததும் இக்கடினமான பாறையிலேயே. சிற்பியின் உளி எத்துணைப் பாடுபட்டிருக்குமோ!

பரங்கிமலைச் சார்னோக்கைட்டைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக இந்திய நிலவியல் ஆய்வுத்துறை அறிவித்துள்ளது. ஆனால், சுற்றுப்புறக் குன்றுகள் பல அதற்குள் சல்லியாகிவிட்டன. பாறையின் உள்ளழகைக் காட்டியதும் வெடிமருந்தே; குன்றைக் குறைத்ததும் அதுவே.

கல் தேடுவோர் ஒன்றை மறத்தலாகாது. மழைநீர் தேங்கிய குழி குளம்போலத் தோன்றினும், குளத்திற்குரிய சரிந்த கரை அதற்கு இல்லை. விளிம்பிலிருந்தே செங்குத்தாக இறங்கும். இத்தகைய குழிகளில் நீந்தத் தெரிந்தவரும் ஏறுதற்கு இடமின்றி மாண்டதுண்டு. வழியோரத்தில் சிதறிக் கிடக்கும் துண்டும் குழிக்குள் உள்ள பாறையும் ஒன்றே. கட்டடம் எழும் தெருவில் குவித்துள்ள கருங்கல் சல்லியிலேகூட, வெயிலில் திருப்பிப் பார்த்தால், சிற்சில வேளைகளில் அந்நீலப் பரல் கண்ணிற்படும்.