மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து நம் தராசுக்கு வந்த சீனிக்கிழங்கு

பொங்கலுக்கு முந்தைய வாரம் தூத்துக்குடி மார்க்கெட்டில் கிழங்குகளுக்குத்தான் மவுசு. பனங்கிழங்கு, சிறுகிழங்கு, சேனை, சேம்பு இவற்றோடு சீனிக்கிழங்கும் மூடை மூடையாக வந்து இறங்கும். பண்டிகை முடிந்த மறுநாள் மிஞ்சியதை வைத்துக்கொண்டு நட்டப்படுகிறவர்களும் நாம்தான். பனங்கிழங்கைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் சீனிக்கிழங்கைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்தது குறைவு.

இது நம் நாட்டுப் பயிர் அல்ல. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியது. 1492-ல் கொலம்பஸ் மேற்கிந்தியத் தீவுகளில் இறங்கியபோது, அங்கிருந்த தைனோ மக்கள் இதைப் பயிரிட்டு உண்டு வந்தனர். அவர்கள் வைத்த பெயர் 'பட்டாட்டா'. மிளகாயையும் முந்திரியையும் போலவே இதையும் இந்தியாவுக்குக் கொண்டு வந்தவர்கள் போர்ச்சுகீசியர். முத்துக்குளித்துறையில் 1530-களில் காலூன்றி, 1658-ல் டச்சுக்காரரிடம் தூத்துக்குடியை இழந்தார்களே, அவர்களேதான்.

பெயர் மட்டும் ஊருக்கு ஊர் குழம்பிவிட்டது. பம்பாய் வியாபாரி 'பட்டாட்டா' என்றால் அது உருளைக்கிழங்கு. கொழும்புச் சிங்களவர் 'பதல' என்றால் அது சீனிக்கிழங்கு. யாழ்ப்பாணத்தார் வற்றாளங்கிழங்கு என்பார்கள். நம் முன்னோர், தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வள்ளிக்கிழங்கோடு சர்க்கரையைச் சேர்த்துச் சர்க்கரைவள்ளி ஆக்கிவிட்டார்கள்.

நாம் அவித்துத் தின்பதோடு சரி. மேற்கிந்தியத் தீவுகளில் அப்படியல்ல. ஆண்டிகுவாவில் கிழங்கைத் துருவி, தேங்காய்ப்பூ, மாவு, சர்க்கரை சேர்த்து, வாழையிலையில் பொதிந்து வேக வைப்பார்கள். 'டுக்கானா' என்று பெயர். நம் ஓலைக்கொழுக்கட்டைக்கு அக்கா தங்கை முறை என்று சொல்லலாம். அதை உப்பிட்ட மீனோடு சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். கருவாடு விற்கும் ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஜமைக்காவில் துருவிய கிழங்கோடு தேங்காய்ப்பால் கலந்து, சட்டியின் அடியிலும் மூடியின் மேலும் தணல் போட்டுப் புட்டிங் செய்வது பழைய முறை. மெதுவாகச் சூடேறும்போது கிழங்கின் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுகிறது. கொதிநீரில் அவசரமாக அவித்ததைவிடத் தணலில் சுட்ட கிழங்கு இனிப்பது இதனால்தான். "போன தடவை இனிப்பே இல்லை" என்று வரும் வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

செயின்ட் வின்சென்ட் தீவிலிருந்து டிரினிடாடுக்குச் சிறு கப்பல்களில் இந்தக் கிழங்கை ஏற்றிச் சென்று விற்றவர்களில் பெண் வியாபாரிகளே அதிகம். மாலத்தீவுக்குத் தோணியில் காய்கறி அனுப்பும் நமக்கு அந்தத் தொழிலின் சிரமம் புரியும்.

இனி நம் குடோனுக்கு வருவோம். நட்டத்துக்கு முதல் காரணம் காயம். மண்வெட்டி பட்ட இடத்திலும் தோல் உரிந்த இடத்திலும்தான் அழுகல் தொடங்குகிறது. தோண்டியவுடன் சுமார் 30 டிகிரி வெப்பத்திலும் 85 முதல் 90 சதவீத ஈரப்பதத்திலும் 4 முதல் 7 நாள் வைத்தால், காயத்தின் மேல் புதுத்தோல் படிந்துவிடும். வெயிலும் ஈரக்காற்றும் நம் கடற்கரையில் காசில்லாமல் கிடைப்பவை. ஆகவே விளைவிக்கும் சம்சாரியிடமே நிழலில் பரப்பி ஆறப்போட்டுத் தரச் சொல்லிக் கேட்டு வாங்குவது லாபம். கடைக்கு வந்த சரக்கைக் கழுவாதீர்கள். ஃப்ரிட்ஜிலும் வைக்காதீர்கள், 12 டிகிரிக்குக் கீழே போனால் கிழங்கு கெட்டு, வெந்த பிறகும் நடுப்பகுதி கட்டியாகவே நிற்கும். சிறு துளைகளும் கசப்பு வாடையும் இருந்தால் கூன்வண்டு விழுந்த சரக்கு. அதை மாட்டுக்கும் போடக்கூடாது. மற்ற மூடைகளுக்குப் பரவுமுன் அப்புறப்படுத்த வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. தோல் சிவப்பாகத் தெரிய ரோடமின்-பி என்ற துணிச்சாயத்தைப் பூசும் மோசடி நடக்கிறது. 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை விதித்தது இதே சாயத்தால்தான். கண்டுபிடிக்க மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் வழி எளிது. பஞ்சைத் தண்ணீரிலோ சமையல் எண்ணெயிலோ நனைத்துக் கிழங்கின் தோலில் தேய்க்க வேண்டும். பஞ்சு செவ்வூதா நிறமானால் சாயம் உண்டு. வண்டியிலிருந்து மூடை இறங்கும்போதே தேய்த்துப் பார்த்துவிடுங்கள். வண்டி போன பிறகு, மாதிரி எடுக்க வரும் அதிகாரி எழுதிக்கொள்வது நம் கடைப் பெயரைத்தான்.