எழுத்தில் வராத மறுப்பு

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் இருக்கும் ஒருவர் மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு மனு போடப் போனால் முதலில் கேட்கப்படுவது மருத்துவச் சான்றிதழ். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைத் (யூடிஐடி) தளத்தில் பதிவு செய்து, அரசு மருத்துவர்கள் முன் போய் நின்று, அவர்கள் போடும் சதவீதத்தோடு வர வேண்டும். அந்த ஒரு எண்ணில்தான் மற்ற எல்லாமே நிற்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி வேலையிலும் உயர்கல்வியிலும் இட ஒதுக்கீடு பெற 40 சதவீதம் வேண்டும். மத்திய அரசு மாதம் 300 ரூபாய் தரும் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு 80 சதவீதமும், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பதற்கான ஆதாரமும் வேண்டும். இப்படி ஓர் எண்ணுக்கு இவ்வளவு அதிகாரம் இருக்கும்போது, “உங்களுக்கு வராதுங்க” என்று வாயால் சொல்லி அனுப்புவதை யாரும் ஏற்றுக்கொண்டு திரும்பக் கூடாது. மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குவதுதான் மேல்முறையீட்டின் முதல் படி என்பது என் உறுதியான கருத்து.

இது சலுகை கேட்பது அல்ல. சான்றிதழ் தர வேண்டும், இல்லையென்றால் குறைபாடு இல்லை என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தின் 58-ஆவது பிரிவே சொல்கிறது. காரணத்தோடு மறுப்பதற்கென்றே 2017-ஆம் ஆண்டு விதிகளில் படிவம் 8 இருக்கிறது. மேல்முறையீட்டு உரிமையைத் தருவது அதற்கு அடுத்த 59-ஆவது பிரிவு. காலக்கெடுவையும் யாரிடம் போக வேண்டும் என்பதையும் அந்தந்த அரசே வகுக்கும். அதனால் மறுப்புக் கடிதத்தைப் பெறும்போதே இந்த இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கடிதத்தில் தேதி இருந்தால்தான் கெடு எந்த நாளில் தொடங்குகிறது என்பதில் தகராறு வராது.

காரணம் எழுத்தில் இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஒருவருக்குக் காலில் 30 சதவீதம், காதில் 20 சதவீதம் குறைபாடு என்று வைத்துக்கொள்வோம். மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டுதல்படி இரண்டையும் அப்படியே கூட்டி 50 என்று போட முடியாது. பெரிய எண்ணை 90-இலிருந்து கழித்தால் 60. அதைச் சிறிய எண்ணான 20-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 13.3. இதை 30-உடன் சேர்த்தால் 43.3. காலை மட்டும் பார்த்திருந்தால் 30-இல் நின்று மறுக்கப்பட்டிருப்பார். காதையும் சேர்த்தால் 40-ஐத் தாண்டிவிடுகிறார். காதுப் பரிசோதனை அறிக்கையை மருத்துவக் குழு பார்த்ததா இல்லையா என்பது கடிதத்தில் தெரிந்தால், மேல்முறையீட்டு மனுவுக்கு அந்த ஒரு வரியே போதும். “என் கஷ்டத்தைப் பாருங்கள்” என்று மூன்று பக்கம் எழுதுவதைவிட விடுபட்ட அந்த அறிக்கையை இணைப்பது பலன் தரும்.

போலிச் சான்றிதழ்கள் மலிந்த காலத்தில் மருத்துவர்கள் கறாராக இருப்பதே நல்லது என்பார்கள். இருக்கட்டும். ஆனால் காரணத்தை எழுதி வைத்தால் சிக்கப்போவது பொய் மனுதாரரும் அவருக்குத் துணைபோனவருமே. உண்மையான நோயாளிக்கு அதில் இழப்பு இல்லை. கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்ற கேள்வியில் நியாயம் உண்டு. அதற்குத் தீர்வு ஆட்களைக் கூட்டுவது. சட்டம் கட்டாயமாக்கியதைக் கைவிடுவது அல்ல. 2024 அக்டோபரில் ஓம்கார் கோண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றமும் காரணம் சொல்வதை வலியுறுத்தியது. பேச்சுக் குறைபாடு 44-45 சதவீதம் என்பதைக் காட்டி ஒரு மாணவருக்கு எம்பிபிஎஸ் படிப்பு மறுக்கப்பட்ட வழக்கு அது. எண்ணை மட்டும் வைத்துத் தகுதி இல்லை என்று முடிவு கட்டக் கூடாது, மதிப்பீட்டுக் குழு தன் முடிவுக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்றது நீதிமன்றம். மருத்துவச் சேர்க்கை வழக்கில் சொன்னது உதவித்தொகைக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். படிப்போ பணமோ, காரணம் தெரியாத முடிவை எதிர்த்து வாதாட முடியாது என்பது இரண்டுக்கும் பொதுதானே.

எழுத்தில் தர மறுத்தாலும் வழி இருக்கிறது. மனு எண்ணைக் குறிப்பிட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் இரண்டாவது மேல்முறையீடு டெல்லியிலுள்ள மத்திய தகவல் ஆணையத்துக்குப் போகும். கடைசியாக இருப்பது சென்னை உயர் நீதிமன்றம். வக்கீல் செலவுக்கு அஞ்ச வேண்டாம்: 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.