ஆயில் எஞ்சினின் மூச்சுக்குழல்
லிஸ்டர் வகை டீசல் எஞ்சின், 20ஆம் நூற்றாண்டு

கோவில்பட்டிக் கரிசல் கிணறுகளில் கமலைக்குப் பின், மின் மோட்டார் பரவும் முன் நீர் இறைத்தவை ஆயில் எஞ்சின்கள். லிஸ்டர் வகையின் மூல வடிவம் 1930-ஐ ஒட்டி இங்கிலாந்தின் டர்ஸ்லியில் உருவானது.

எரிபொருள் எரிகையில் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கசியும் வாயு, கிராங்க் அறையில் எண்ணெய் ஆவியோடு கலந்து அழுத்தத்தைக் கூட்டும். பிஸ்டன் இறங்கும்போது இக்குழலின் ஒருவழி வால்வு திறந்து அதை வெளியேற்றும், ஏறும்போது மூடிக்கொள்ளும். உள்ளழுத்தம் தணிவதால் மூட்டுகளில் எண்ணெய் ஒழுகாது. வால்வு மூடிக்கொள்வதால் குழல் வழியே கரிசல் புழுதி நுழைவதும் குறையும்.

இன்றைய டர்போ கார்களில் இந்த ஆவியை வெளியே விடுவதில்லை. டர்போ அழுத்தம் ஏறும்போது, எண்ணெய் பிரிக்கப்பட்ட வாயு டர்போவுக்கு முந்தைய காற்றுக்குழாயில் சேர்ந்து, எஞ்சினுக்குள் சென்று எரிகிறது.