வானை விற்பதா?

வான் என்றதும் வாசகர்கள் ஆகாயத்தை அண்ணாந்து பார்க்க வேண்டாம். எங்கள் கல்முனைக்குடியில் வான் என்பது பத்துப் பதினைந்து பேரை ஏற்றிச் செல்லும் மோட்டார் வாகனம். என்னிடம் உள்ளது பழைய டீசல் ஹையேஸ். ‘டொல்பின்’ என்பது நம் மக்கள் அதற்கு வைத்த பெயர். அதனை விற்றுவிட்டு, எண்ணூறு சீசீ இயந்திரம் பூட்டிய சிறு கார் ஒன்றை வாங்குவதா என்னும் கேள்வி 2022ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தது. அது இன்றுவரை முற்றாக எழுந்து போகவில்லை.

அந்த ஆண்டினை நம் நாட்டவர் எவரும் எளிதில் மறவார். ஆண்டு பிறந்தபோது லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல், ஜூன் 26ஆம் திகதி 460 ரூபாவாயிற்று. 177 ரூபாவாக இருந்த பெற்றோல் 470 ஆயிற்று. அந்த விலைக்கேனும் கிடைத்ததா? எரிபொருள் நிலையத்தின் வாயிலில் தொடங்கிய வரிசை, பிரதான வீதியின் ஓரமாக நீண்டு, வளைந்து, குறுக்குத் தெருக்களுக்குள் புகுந்து கிடந்தது. நான் இரண்டு இரவும் ஒரு பகலும் வானுக்குள்ளேயே உறங்கி எழுந்தேன். மூன்றாம் நாட் காலை, எனக்கு முன்னால் பதினொரு வாகனங்கள் இருக்கையில் டீசல் தீர்ந்தது.

பின்னர் கியூஆர் அட்டை வந்தது. வாரமொன்றுக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கும் வானுக்கும் 20 என்று பங்கு பிரிக்கப்பட்டது. இலக்கத்தகட்டின் கடைசி எண்ணைப் பார்த்து எவர் எந்நாள் வரலாம் என்றும் விதிக்கப்பட்டது. கொந்தளித்துக் கிடந்த தெருக்கள் ஒருவாறு அடங்கின. ஆனால் என் கணக்கு அடங்கவில்லை.

நான் கணித ஆசிரியன். அக்கரைப்பற்றில் உள்ள ஒரு பாடசாலையில் கற்பிக்கிறேன். வீட்டிலிருந்து போய்வர ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீற்றர். ஐந்து நாட்களுக்கு 225. என் வான் லீற்றருக்கு ஒன்பது கிலோமீற்றர் ஓடும். அதற்குமேல் ஓடுமென்று விற்பவன்தான் சொல்வான். ஆகவே வாரத்துக்கு 25 லீற்றர் வேண்டும். ஜூலை 17ஆம் திகதி இருபது ரூபா குறைக்கப்பட்ட பின் டீசல் 440. வாரச் செலவு 11,000 ரூபா. மாதத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் என் சம்பளத்தின் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். பணம் இருந்தாலும் பங்கீடோ இருபதுதான். சிறு கார் லீற்றருக்குப் பதினைந்து ஓடுமென்று கொண்டால் 15 லீற்றர் பெற்றோல். 450 வீதம் 6,750 ரூபா. பங்கீட்டுக்குள்ளும் அடங்கும். மச்சான் இந்தக் கணக்கைக் கேட்ட மறுநாளே சம்மாந்துறையிலிருந்து வானுக்கு ஒருவரை விலைபேச அழைத்து வந்துவிட்டார்.

வந்தவர் நல்ல மனிதர். தேநீர் குடித்தார், சில்லுகளைக் காலால் தட்டிப் பார்த்தார், ஒரு விலையும் சொன்னார். விலை தாழ்வானதன்று. 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால் ஓடக்கூடிய எதற்கும் விலை இருந்தது. ஆனால் அதே காரணத்தால், நான் வாங்க எண்ணிய பழைய சிறு காரின் விலையும் அதற்கு உரிய மதிப்பைத் தாண்டி நின்றது. ஒன்றைக் கொடுத்து மற்றதை எடுத்தால் கையில் மிஞ்சுவது சொற்பமே. எனினும் வாரந்தோறும் நாலாயிரம் ரூபா மிச்சம் என்பது ஆசிரியன் ஒருவனுக்குச் சிறு தொகையா? “யோசித்துச் சொல்கிறேன்” என்று அவரை அனுப்பிவைத்தேன்.

பாடசாலைகள் மீண்டும் முழு வாரமும் இயங்கத் தொடங்கியபின், இதே கணக்கினை எட்டாந் தர மாணவர்க்குக் கரும்பலகையில் எழுதிக் கொடுத்தேன். சொந்தக் கவலையை வகுப்புக்குக் கொண்டுபோவது முறையன்று என்பது தெரியும். ஆயினும் விகிதமும் வகுத்தலும் கற்பிக்க அதைவிடப் பொருத்தமான பயிற்சி அன்று எனக்கு அகப்படவில்லை. வானுக்கு 25, காருக்கு 15, லீற்றருக்கு நாற்பத்தைந்து ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு 5 என்று பிள்ளைகள் சரியாகவே கண்டார்கள். காரே சிறந்தது, மோட்டார் சைக்கிளுக்கு ஒரு லீற்றர் பற்றாது என்று தீர்ப்பும் கூறினார்கள். அப்போது பின்வாங்கில் இருந்த ஒரு சிறுமி எழுந்து கேட்டாள்:

“சேர், வானுக்குள்ள எத்தனை பேர்?”

நான் ஒருவன் என்றேன். வகுப்பு சிரித்தது.

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றாமற் போனதை எண்ணி இன்றும் நாணுகிறேன். ஆறு பேர் ஏறினால் தலைக்கு நாலு லீற்றருக்குச் சற்றே மேல். தனியாக மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்கு அதைவிடக் கூடுதலாகச் செல்லும்! நாலு பேர் ஏறிய சிறு கார் இதையும் வென்று நிற்கும் என்பது உண்மையே. தலைக்கு மூன்றே முக்கால் லீற்றர். ஆனால் மிகுதி இருவர் தெருவில் நிற்பார்கள். வாகனத்தின் செலவை வாகனத்தின் மேல் ஏற்றிப் பார்ப்பதா, அதில் இருப்போர் மேல் ஏற்றிப் பார்ப்பதா என்பதிலேயே கணக்கு மாறிவிடுகிறது.

பெரிய வாகனமா, சிறிய வாகனமா என்று மனிதர் தடுமாறியது இது முதல் தடவையன்று. 1956இல் சூயெஸ் கால்வாய் அடைபட்டபோது, அவ்வாண்டு டிசெம்பர் முதல் மறு ஆண்டு மே வரை பிரித்தானியாவிலும் பெற்றோல் பங்கீடு நடந்தது. மூன்று சில்லும் முட்டை வடிவமும் கொண்ட விசித்திரமான குட்டிக் கார்கள் அந்நாட்டுத் தெருக்களில் பெருகின. அவற்றைக் கண்டு பொறுக்காத லெனார்ட் லோர்ட் என்னும் கார்த் தொழிலதிபர், முறையான சிறு கார் ஒன்றை ஆக்கித் தரும்படி அலெக் இஸிகோனிஸ் என்ற பொறியியலாளரிடம் ஒப்படைத்தார். நம் நாட்டில் ஒரு தலைமுறை ஆசிரியரும் மருத்துவரும் அருமையாகப் பேணிய மொரிஸ் மைனரை ஆக்கியவரும் இவரே. 1959 ஆகஸ்டில் மினி வெளிவந்தது. நீளம் பத்தடிதான், ஆனால் நாலு பெரியவர்கள் இருக்கலாம். இயந்திரத்தைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். சில்லுகளைப் பத்தங்குல விட்டமாகக் குறுக்கினார். மொத்த நீளத்தில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கை மனிதருக்கும் அவர்தம் மூட்டைகளுக்கும் விட்டார். அவர் சுருக்கியது இரும்பை, மனிதரை அன்று. இதனை நான் மச்சானிடம் வியந்து கூறியபோது, “அவருக்கு நாலு பேர். உங்களுக்கு எத்தனை?” என்று அவரும் அந்தச் சிறுமியைப் போலவே கேட்டார். இந்தக் கேள்வி என்னைத் துரத்திக்கொண்டே வந்தது.

எனக்கு எத்தனை பேர்? இதற்கு விடை கூற எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கிழக்குக் கரையில் மணமுடித்தவன் மனைவி வீட்டுக்குப் போகிறான். வீடு பெண்ணுக்கு. உம்மா தன் வீட்டை இளைய மகளுக்குக் கொடுத்துவிட்டு அவளோடு இருக்கிறார்; நான் நாலு தெரு தள்ளி மனைவியின் வீட்டில் இருக்கிறேன். ஆகவே ஆண்மகனுக்கு எப்போதும் இரண்டு வீடு. என் வாப்பாவிடம் வண்டில் இருந்தது. நெல் விளையும் வட்டைக்குப் போகும்போது இரு வீட்டாரும் அதில்தான் ஏறினோம். எருதுகளுக்கு வைக்கோலைக் கூட்டிக் குறைத்துப் போட்டார்களேயன்றி, ‘ஆட்களைக் குறை’ என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை. மனைவி, மூன்று பிள்ளைகள், மாமி, உம்மா, தங்கை, அவள் கணவர், அவர்களின் நாலு பிள்ளைகள்: என்னையும் சேர்த்தால் பதின்மூன்று. அயல்வீட்டாரை நான் இன்னும் எண்ணவில்லை.

இனி எழுதப்போவது, எழுதாமல் விடலாமா என்று நான் பலமுறை தயங்கியது.

2004 டிசெம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை, என்னிடம் மோட்டார் சைக்கிள் ஒன்றுதான் இருந்தது. உம்மாவின் வீடு அப்போது கடற்கரைப் பக்கமாக இருந்தது. முதலில் வந்த நீர் முற்றத்தை நனைத்துவிட்டுத் திரும்பியது. ஊர் ஓடத் தொடங்கியது. உம்மாவையும் என் மூத்த மகளையும் ஏற்றினேன். வாப்பா வாசற்படியில் நின்றார். மூன்று பேருக்குமேல் இடமில்லை என்பது அவருக்கும் தெரியும். “நீ போ மகன், நான் நடந்து வாறன்” என்றார். மேற்கே பிரதான வீதியில் இருவரையும் இறக்கிவிட்டுத் திரும்பினேன். பாதி வழியில் தெரு இல்லை, கடல் இருந்தது. இலங்கையில் மிக அதிகமான உயிர்களை அன்று இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். அவர்களுள் வாப்பாவும் ஒருவர்.

2010இல் கடன்பட்டு வானை வாங்கியபோது ஏன் இவ்வளவு பெரிது என்று பலர் கேட்டார்கள். உம்மா கேட்கவில்லை.

2012 ஏப்ரல் 11ஆம் திகதி பிற்பகல் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் கடலடி நிலம் நடுங்கி எச்சரிக்கை வந்தது. அன்று வானில் பதினேழு பேரை ஏற்றினேன். காரைதீவுச் சந்தியால் திரும்பிச் சம்மாந்துறைக்குப் போய், பள்ளிவாசல் ஒன்றின் முன்னால் நிறுத்தினேன். நிலத்தட்டுகள் மேலும் கீழுமாகப் பெயராமல் பக்கவாட்டில் நழுவியமையால் பேரலை எழவில்லை என்று பின்னர் விளக்கினார்கள். இரவு வீடு திரும்பினோம். உம்மா இறங்கும்போது இருக்கைகளைக் கையால் தடவிக்கொண்டே இறங்கினார்.

2022இல் விற்பனைப் பேச்சு உம்மாவின் காதுக்கு எட்டியதும் என்னை அழைத்தார். அழவில்லை, கணக்குக் கேட்டார். சம்மாந்துறைக்கு எவ்வளவு டீசல் செல்லும் என்றார். பத்துக் கிலோமீற்றருக்குள்தான் உம்மா, ஒரு லீற்றர் போதும் என்றேன். “ஒரு லீற்றர் நான் வாங்கித் தாறன்” என்றார். கணிதம் கற்பித்து முப்பது ஆண்டுகளாகிய எனக்கு அதற்கு மறுவிடை தெரியவில்லை.

வானை விற்கவில்லை. ஆனால் ‘விற்கவில்லை’ என்று சொல்வதோடு எரிபொருள் மிச்சமாகிவிடாது. அதே வழியால் போகும் ஐந்து ஆசிரியர்களைக் கூட்டிக்கொண்டேன். சாய்ந்தமருதில் இருவர், நிந்தவூரில் மூவர். வாரம் நாலு நாள் வான். 180 கிலோமீற்றர், சரியாக 20 லீற்றர். ஐந்தாம் நாள் எல்லோரும் பஸ். ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாவுக்குள் முடிந்தது. உம்மாவை மாதமொருமுறை மட்டக்களப்பு வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் வாரத்தில் வான் இரண்டு நாள் மட்டுமே பாடசாலைக்குப் போகும். சந்தைக்கும் பள்ளிக்கும் சைக்கிள். பொறுமையாக ஓட்டினேன், சில்லுக்குக் காற்றை அளந்து அடித்தேன். இவற்றால் கிடைத்த மிச்சம் சிறிது. பழைய வண்டியின் திருத்தச் செலவு அதனை அவ்வப்போது விழுங்கியது என்பதையும் மறைக்கக் கூடாது. அந்த ஆண்டில் மனைவியின் காப்பு ஒன்று அடகுக் கடைக்குப் போனது. காரை வாங்கியிருந்தால் போயிராது என்று அவர் ஒரே ஒரு முறை சொன்னார்.

2023 ஏப்ரலில் வானின் பங்கு 30 லீற்றராயிற்று. செப்டெம்பர் முதலாம் திகதியோடு கியூஆர் முறையும் நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதியும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. மச்சான் இப்போது கையடக்கத் தொலைபேசியில் ஜப்பானியச் சிறு கார்களின் படங்களைக் காட்டுகிறார். அறுநூற்றறுபது சீசீக்கு மேற்படாத இயந்திரம் என்ற அந்நாட்டுச் சட்டத்துக்குள் எவ்வளவு நேர்த்தி! அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. என்னோடு வந்த ஆசிரியர்களில் இருவர் ஓய்வுபெற்றனர். மூவர் இடமாற்றம் பெற்றனர். மூத்தவள் புத்தளத்தில் வாழ்க்கைப்பட்டுவிட்டாள். வானுக்குள் மீண்டும் நான் ஒருவன். அந்தச் சிறுமி இன்று கேட்டால் வகுப்பு இன்னும் பலமாகச் சிரிக்கும்.

எனவே சென்ற தை மாதம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். 2004க்குப் பின் நான் அதில் ஏறியதில்லை. முதல் நாள் அக்கரைப்பற்றுக்குப் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரமாயிற்று. ஒலுவிலுக்கு அப்பால், பின்னிருக்கையில் எவரோ இருப்பது போன்ற நினைப்பில் இருமுறை திரும்பிப் பார்த்தேன். இப்போது பழகிவிட்டது. வாரத்துக்கு ஐந்து லீற்றர்.

வான் உம்மாவின் வளவுக்குள் மாமரத்தின் கீழ் நிற்கிறது. வைத்தியசாலைக்கும் கலியாணத்துக்கும் மட்டும் வெளியே வரும். மின்கலம் இறந்துவிடாதிருக்க வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகைக்குப் போகுமுன் பத்து நிமிடம் இயந்திரத்தை ஓடவிடுகிறேன். சத்தம் கேட்டதும் உம்மா உள்ளேயிருந்து கேட்பார்:

“டீசல் இருக்கா மகன்?”

“இருக்கு உம்மா.”

அதற்குமேல் அவர் கேட்பதில்லை. நான் கதவுகளைத் திறந்து இருக்கைகளில் படிந்த தூசியைத் தட்டிவிட்டுப் பள்ளிக்குப் போகிறேன்.